நம்பிச் சொன்னவர்

எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் எழுதிய பிளேடு விளம்பரத்தைப் படித்துவிட்டு, மறுநாள் மீசையை எடுத்துவிட்டு வந்தவர் அவர். நெல்லைச் சீமைக்காரர். அந்தப் பக்கத்து ஆண்களுக்கு மீசை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் அறையில் ஆளாளுக்குச் சிரித்தார்கள். அவர் நேராக வகுப்புக்கு வந்து அந்தப் பையனை எழுப்பி நிறுத்தினார்.

"ஒன் விளம்பரத்துல ஒரு பொய் இருக்குலே. எரியாதுன்னு எழுதியிருந்த. எரியுது. மத்ததெல்லாம் சரி, உக்காரு" என்றார்.

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவருக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. மேல் உதட்டைத் தடவிக்கொண்டே பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

நல்லூரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நின்ற மெட்ரிகுலேஷன் பள்ளி அது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தில் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் பாடத்தோடு சேர்ந்து கேட்கும். அவர் எங்களுக்கு ஆங்கில வாத்தியார். ஆங்கிலத் தேர்வில் விளம்பரம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி வரும், கூடவே ஒரு கட்டுரை. மற்றவர்களாக இருந்தால் கைடில் இருக்கும் நாலு விளம்பரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு இலக்கணத்துக்குப் போயிருப்பார்கள். இவர் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்க ஓட்டினார். அதுவும் முதலில் தமிழில் எழுத வேண்டும். தமிழில் ஒருத்தனை நம்ப வைக்கத் தெரியாதவனுக்கு இங்கிலீஷில் மட்டும் எப்படி வந்துவிடும் என்பார்.

ஆசை காட்டுவது, பயம் காட்டுவது, ஊரே வாங்குகிறது என்று சொல்வது, பெரிய மனுஷரை முன்னால் நிறுத்துவது, இன்றே கடைசி என்று விரட்டுவது, எல்லா வித்தையையும் கற்றுக்கொடுத்தார். கட்டுரையில் எதிராளியின் வாதத்தை நாமே முதலில் எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். கோவையில் இன்று நான் விளம்பரம் எழுதித்தான் சோறு தின்கிறேன். அந்தச் சோற்றில் அவர் பங்கு உண்டு. அதை மறுக்க முடியாது என்பதால்தான் எனக்கு இத்தனை எரிச்சல்.

கரும்பலகையின் மூலையில் அன்றன்றைக்குத் தன் கருத்து ஒன்றை எழுதி வைப்பார். "டிவி வீட்டுக்கு ஆகாது." "வீட்டுப்பாடம் அவசியம்." இப்படி ஏதாவது. அதை மாற்றுவதற்கு நாங்கள் எழுத வேண்டும், எழுதியதை எழுந்து வாசிக்க வேண்டும். அவர் மேஜைமேல் சாய்ந்துகொண்டு கேட்பார். வாதம் உறைத்துவிட்டால், "சரி, உம்பக்கம் வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்து, வாசித்தவர் பெஞ்சிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நடிப்பில்லை. நிஜமாகவே மாறிவிடுவார். வீட்டுப்பாடம் கூடாது என்று ஒருவன் வாசித்த அன்று எங்களுக்கு வீட்டுப்பாடம் நின்றது. அதிகப்பிரசங்கி ஒருத்தி, வீட்டுப்பாடம் வேண்டும் என்று வாசித்து அதைத் திரும்பக் கொண்டு வந்தாள். அவளோடு வகுப்பில் கொஞ்ச நாள் யாரும் பேசவில்லை.

எங்கள் ஊரில் கம்பெனி வாசலுக்கு வாசல் ஒரு பலகை தொங்கும். டைலர் தேவை, செக்கிங் ஆள் தேவை, துணியைக் கைமடிக்கப் பெண்கள் தேவை என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். ஒரு நாள் எங்களை வரிசையாக அந்தத் தெருவில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். எல்லாப் பலகையிலும் ஒரே வாசகம். இத்தனை வாசலைத் தாண்டி ஒரு டைலர் ஏன் குறிப்பாக இந்த வாசலுக்குள் நுழைய வேண்டும் என்று எழுதச் சொன்னார். சின்னத் தையல் யூனிட் வைத்திருந்த ஒருவரின் மகள் எழுதினாள்: "எங்கள் கம்பெனியில் பாத்ரூம் போக யாரையும் கேட்க வேண்டாம்." அவர் முதலில் சிரித்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பெண்ணின் அப்பா விளையாட்டாக அதையே பலகையில் எழுதி மாட்ட, டைலர்கள் வந்து நின்றார்கள். வாத்தியாரும் போய் நின்றார், எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்க.

"எழுதுதவன் மொதல்ல தான் நம்பணும். நம்பாம எழுதுனா வார்த்தை நொண்டும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைக்கச் சொன்னார்.

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்ட மனைவியின் பாடு எப்படி இருந்திருக்கும்! ஆண்டு விழாவுக்கு வந்தவரிடம் என் அம்மா சும்மா பேச்சுக்கு, "சார் ரொம்ப நல்லவருங்க" என்றாள். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லவருதான். காய் வாங்க அனுப்பாதிய. காய்க்காரி கஷ்டத்தையும் சேத்து வாங்கிட்டு வந்துருவாவ." வீட்டில் யாரும் திறக்காத கலைக்களஞ்சியம் ஒரு வரிசை இருந்ததாம். விற்க வந்த பையன் அவ்வளவு நன்றாகப் பேசினானாம்.

காற்றடித்தால் சாய்ந்துவிடுவார் என்று மற்ற வாத்தியார்கள் கேலி பேசுவார்கள். அது சரியில்லை. லேசில் சாய்கிறவர் இல்லை அவர். கேள்வி கேட்பார், துருவுவார், தானே போய்ப் பார்ப்பார். இவ்வளவும் செய்த பிறகுதான் சாய்வார். பிரச்சினையே அங்கேதான் இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளித் தாளாளர் எங்கள் ஊரில் சாயப்பட்டறை போட இடம் வாங்கினார். எங்கள் ஊர் நல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். ஊர்க்கூட்டத்தில் சம்மதம் கேட்டுத் தீர்மானம் போட வேண்டியிருந்தது. ஊரில் பாதிப் பேர் வேலை கிடைக்கும் என்றார்கள், மீதிப் பேர் கிணறு போய்விடும் என்றார்கள். எங்கள் தோட்டம் ஓடையை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தது. சின்ன வெங்காயமும் தென்னையும் வைத்திருந்தோம். கெடுதல் வந்தால் முதலில் எங்கள் கிணற்றுக்குத்தான் வரும். அதனால் எல்லோரும் அப்பாவின் வாயைப் பார்த்தார்கள். அப்பா சரியென்றால் ஊரும் சரி. அப்பாவோ கேட்டவர்களுக்கெல்லாம் "பாக்கலாமுங்க" என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்ட நாட்கள் அவை.

தாளாளர் கெட்டிக்காரர். தானே வரவில்லை. எங்கள் பக்கத்தில் வாத்தியார் வீட்டுக்கு வந்தால் கட்டிலை விட்டு எழுந்து நிற்பார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். எந்த வாத்தியாரை அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் எங்கள் வாத்தியாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் தன்னுடைய பழைய பட்டறையில் இருந்த சுத்திகரிப்பு நிலையத்தைக் காட்டினார். இவர் கேள்வியாய்க் கேட்டுத் துளைத்தார். கடைசித் தொட்டியில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் நின்றதாம், அதில் மீன் ஓடியதாம். மறுநாள் கரும்பலகை மூலையில், "சுத்திகரிப்போடு சாயப்பட்டறை வரலாம்" என்று எழுதினார். அன்றைக்கு அதை எதிர்த்து எழுதி வாசித்தவர்களில் நானும் ஒருத்தி. நான் வாசித்து முடித்ததும் எழுந்து வந்துவிடுவார் என்று அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேஜையை விட்டு அசையவில்லை.

"நல்லா எழுதியிருக்க. ஆனா நீ பாக்கல. நான் பாத்தேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா எழுந்து நின்றார். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தைகளில் எதையாவது எடுத்து விடுவார், அந்த இடத்தில் மடக்கலாம் என்று நான் கதவோரம் காத்திருந்தேன். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஆசை காட்டவில்லை, பயம் காட்டவில்லை. பார்த்ததை மட்டும் சொன்னார்.

அப்பா நிதானமாகக் கேட்டார். "மெசினு ஓடறப்பச் செரிங்க சார். கரண்டு இல்லாத நாளைக்கு என்னுங்க பண்ணுவாங்க?"

"அதையும் கேட்டேன் அண்ணாச்சி. ஜெனரேட்டர் இருக்கு. ஓட்டிக் காட்டச் சொன்னேன், ஓட்டுனாவ."

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், அவங்க காட்டோணும்னு நெனச்சதத்தானுங்க உங்களுக்குக் காட்டியிருப்பாங்க" என்றேன். அப்பா என்னை முறைத்தார்.

அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கேள்வி! இதத்தான் நானும் நெனச்சேன். அதனால போன வாரம் சொல்லாமக் கொள்ளாமத் திரும்பப் போனேன். கேட்டுல வாட்ச்மேன் நல்ல மனுசன், உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தான். குடிச்சுட்டு உள்ள போய்ப் பாத்தேன். அதே தண்ணி, அதே மீன்."

அந்த டீ குடிக்கிற நேரத்தில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. எனக்கும்தான்.

"ஆரும் பாக்காத நாளைக்குங்க?" என்றார் அப்பா கடைசியாக.

"நான் பாக்கேன் அண்ணாச்சி. மாசாமாசம் போய்ப் பாக்கேன். இங்கதான இருக்கேன், எங்க போயிரப் போறேன்?"

அவர் போன பிறகு அம்மா, "பொய் சொல்ற மூஞ்சி இல்லீங்க அது" என்றாள். ஊர்க்கூட்டத்தன்று அப்பா எழுந்து நின்று, "வாத்தியாரு பாத்துட்டு வந்து சொல்லியிருக்காருங்க. வரட்டுமுங்க" என்று கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் வரிசையாகக் கைகள் உயர்ந்தன.

பட்டறை வந்தது. முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருஷம் வெங்காயத் தாளின் நுனி கருகியது. மழை இல்லாததால் என்றார் அப்பா. தென்னையில் பிஞ்சுக் குரும்பை கொட்டியது. வண்டு என்றார். பிறகு ஒரு நாள் அம்மா வடித்த சோற்றில் ஒரு நிறம் இருந்தது. அதற்கு அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. மாடுகள் தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன.

இதில் எனக்கு இன்றும் ஆறாதது ஒன்று உண்டு. வாத்தியார் வாக்குத் தவறவில்லை. மாசாமாசம் பட்டறைக்குப் போனார். மாசாமாசம் கேட்டில் டீ கொடுத்தார்கள், குடித்தார், தெளிந்த தண்ணீரைப் பார்த்தார். அதோடு விடவும் இல்லை. நல்லூர் பஸ் ஸ்டாப்பில் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் ஓடிவந்து கேட்பார்.

"அண்ணாச்சி, கிணத்துத் தண்ணி எப்படி இருக்கு?"

"இருக்குதுங்க சார்" என்பார் அப்பா.

"நல்லா இருக்குல்லா?"

"ஆமாங்க சார்."

நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பேன். பஸ்ஸில் ஏறியதும் சண்டை பிடிப்பேன். "ஏனுங்கப்பா, நெசத்தச் சொன்னா என்ன?" அதற்கு அவர், "உடு கண்ணு. தானா வந்து அக்கறையாக் கேக்கறாரு. மூஞ்சிக்கு நேரா எப்புடிச் சொல்றது? பாவம், சங்கடப்படுவாரு. நீயும் பள்ளிக்கூடத்துல வாயத் தொறக்காத" என்பார். எங்கள் ஊரில் இதற்கு மரியாதை என்று பெயர். கிணறு செத்துக்கொண்டிருந்தது, எங்கள் மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அவரும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார், இவரும் விடாமல் ஆமாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரில் யார் மீது அதிகக் கோபப்பட வேண்டும் என்று தெரியாமல் நான் எரிந்துகொண்டிருந்தேன்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை விற்பதற்கு விளம்பரம் எழுதச் சொன்னார். ஆளாளுக்கு மிக்சி, சைக்கிள், தாத்தாவின் ரேடியோ என்று எழுதினார்கள். என் முறை வந்தது. எழுந்து வாசித்தேன்.

"விற்பனைக்கு ஒரு கிணறு. கோடையிலும் வற்றாது. வெள்ளைத் துணியை நனைத்தால் போதும், சாயச் செலவு மிச்சம். வாரம் ஒரு நிறம், எங்கும் கிடைக்காத புதுமை. இந்தத் தண்ணீரைக் குடிக்க மாடுகளைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை, அவை எப்படியும் குடிக்காது. சோறு வடித்தால் மஞ்சள் பொடி மிச்சம். எங்கள் கிணற்றை நம்பி வாங்கலாம். வாத்தியாரே நேரில் பார்த்துவிட்டு வந்து உறுதி சொன்னது. முந்துங்கள், இன்னும் கொஞ்ச நாளில் ஊரில் எல்லாக் கிணறும் இப்படித்தான் இருக்கும்."

முதல் வரிக்குச் சிரித்தார்கள். அதற்கப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டடத்து மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அன்றைக்கு எழுந்து வந்து என் பெஞ்சில் உட்காரவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா நல்லா இருக்குன்னு சொன்னாவளே" என்றார்.

"அப்படித்தானுங்க சார் சொல்லுவாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் அறியும். அவர் வேலையை விட்டார். மனு எழுதினார், அதிகாரிகளைப் பார்த்தார். நான் பார்த்ததில் அவர் எழுதிய ஆகச் சிறந்த எழுத்து அந்த மனுக்கள்தான். ஒரு சொல்கூட நொண்டவில்லை. அவற்றைப் படித்தவர்கள்தாம் யாரும் எழுந்து பக்கம் மாறி உட்காரவில்லை. கொஞ்ச நாளில் குடும்பத்தோடு சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். இதெல்லாம் எனக்குச் செய்தியாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கண்ணில் நிற்பது விளம்பரம் வாசித்த அன்றைய சாயங்காலம்.

பள்ளி விட்டதும் நான் ஏறிய பஸ்ஸிலேயே அவரும் ஏறினார். என்னைப் பார்க்கவில்லை. முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார், உட்கார இடம் இருந்தும். எங்கள் ஊரில் இறங்கி எனக்கு முன்னால் விறுவிறுவென்று தோட்டத்துக்கு நடந்தார். கிணற்று மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த வாரம் கருநீலம்.

உதிர்ந்த குரும்பைகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்த அப்பா, அவரைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். "வாங்க சார், வாங்க. ஏனுங்க, வெயில்ல நிக்கறீங்க?"

"ஏன் அண்ணாச்சி எங்கிட்டச் சொல்லல? பாக்கும்போதெல்லாம் கேட்டேன்லா?" என்றார் வாத்தியார்.

"நீங்க எங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுச் சொன்னீங்க. அது இப்படி ஆயிப்போச்சுன்னு வாத்தியாரு மூஞ்சியப் பாத்து எப்புடீங்க சொல்றது?"

"நான் பொய் சொல்லல அண்ணாச்சி. நம்பித்தான் சொன்னேன்."

"தெரியுமுங்க சார். அதனாலதானுங்க நான் கையத் தூக்குனேன். முதலாளி வந்து கேட்டிருந்தாத் தூக்கியிருக்க மாட்டனுங்க."

அதில் ஒரு துளி குத்தல் இல்லை. அப்பாவுக்குக் குத்திப் பேச வராது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் நின்றிருந்தவர் அப்படியே கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மனுஷனை வார்த்தை அடித்துக் கீழே உட்கார்த்துவதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். காலையில் அவரை அடிக்க வேண்டும் என்றே அந்த விளம்பரத்தை எழுதிய நானே அவரை அந்த நிலையில் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபம் போய்விடவில்லை. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது.

"நாளைக்கே வாரேன் அண்ணாச்சி. கலெக்டர்கிட்ட, கோர்ட்ல, எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன். நான் இப்ப உங்க பக்கம்" என்றார்.

அப்பா தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "நீங்க மாறிக்கலாமுங்க சார். கெணறு எங்கீங்க மாறும்?" என்றார். சொல்லிவிட்டு, வந்தவரிடம் அதிகம் பேசிவிட்டோமோ என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். அவசரமாக வீட்டுப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாய்வரைக்கும் கொண்டுபோனவர், நிறுத்திச் சொம்புக்குள் பார்த்தார். ஒரு விநாடிதான். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துவிட்டோம்.

அப்பா பதறிப்போய் அவர் கையைத் தொட்டார். "பயப்படாமக் குடிங்க சார். இது நம்ம கெணத்துத் தண்ணி இல்லீங்க. லாரித் தண்ணிதானுங்க."